அஞ்சாவது பேட்ஜ்

சரி, நான்தான் தைச்சேன்னே வச்சுக்குங்க. எப்பத் தைச்சேன், எந்த ஊசியில தைச்சேன், அதைச் சொல்லுங்க முதல்ல. நீங்க வந்து பாத்தீங்களா? இல்ல எங்க வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டிருந்த எவளாச்சும் வந்து சொன்னாளா? எட்டு வயசுப் புள்ள அது. அதோட சட்டைக் கையை உள்பக்கமாத் திருப்பி, முப்பது புள்ளைங்களுக்கு முன்னாடி வெயில்ல தூக்கிப் பிடிச்சு, இது உன் கை இல்ல உங்க சித்தி கைன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? தூக்குல போடப் போறவனையே கடைசியா ஏதாச்சும் சொல்லணுமாப்பான்னு கேக்குறாங்க, நீங்க அந்தப் புள்ளையை வாயைத் தொறக்க விட்டீங்களா? இப்படித்தான் கோதை மதியம் சாப்பிட்டுக் கை கழுவினதுலருந்து கேப்டனோட மல்லுக்கு நின்னுக்கிட்டிருக்கா. கேப்டன் இங்க இல்ல. அவங்க நாலு தெரு தள்ளி, சாயங்கால விழாவுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டிருப்பாங்க. ஆனா கோதைக்குச் சண்டை போடணும்னா எதிராளி எதுத்தாப்புல இருக்கணும்னு அவசியமே கிடையாது. லா காலேஜ்ல மூணாவது வருஷம். பாத்ரூம் கண்ணாடியையே குறுக்கு விசாரணை பண்றவன்னு அப்பா சொல்லுவாரு. இப்பவும் உதடு அசையுது, சத்தம் வரல, மடியில நீலச் சட்டை, பக்கத்துல அம்மாவோட பழைய பிஸ்கட் டப்பா, டப்பாக்குள்ள நூல்கண்டும் ஊசியும், ஒரு பேப்பர் கவர்ல நாலு பேட்ஜ். மணி ரெண்டு. நாலு மணிக்கு விழா.

பேட்ஜ்னா பெருசா ஒண்ணுமில்ல, அப்பளப்பூ அளவுக்கு ஒரு வட்டத் துணி, நடுவுல ஒரு படம் பின்னியிருக்கும். பொன்மலை ரயில்வே காலனியில பொம்பளைப் புள்ளைங்களுக்குன்னு ‘நீலக்குயில் அணி’ன்னு ஒண்ணு இருக்கு. ஸ்கவுட் மாதிரிதான், ஆனா காலனிக்காரங்களே நடத்துறது. ஏழு வயசுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் சேக்கலாம். வத்சலா டீச்சர்தான் ஆரம்பிச்சாங்க, அவங்கதான் இன்னைக்கு வரைக்கும் கேப்டன். அவங்களுக்கு வீட்டுல வச்ச பேரு என்னன்னு காலனியில பாதிப் பேருக்கு மறந்தே போச்சு. ஒவ்வொரு வேலையும் கத்துக்கிட்டுச் செஞ்சு காட்டினா ஒரு பேட்ஜ். முதலுதவி, சைக்கிள், சமையல், தோட்டம், தையல். மத்த நாலையும் வீட்டுல யாரு வேணா தைச்சுக்கலாம், ஆனா தையல் பேட்ஜை மட்டும் அதை வாங்கினவதான் தன் கையால தைக்கணும், அதுவும் தோள்பட்டைக்குக் கீழ முதல் இடத்துல. அதைக் கேப்டன் உள்பக்கம் திருப்பிப் பாத்த பிறகுதான் மத்ததெல்லாம் ஏறும். நேத்து அந்தப் பார்வை நாள். கோதையோட அக்கா மக தாரகை தைச்ச பேட்ஜைத்தான் கேப்டன் இது உன் வேலை இல்லன்னுட்டாங்க. தாரு அழுகாம வீட்டுக்கு வந்தா. கவரை மேசை மேல வச்சா. “சித்தி, தையல் பேட்ஜை உன்னையப் பிரிச்சு எடுத்துரச் சொன்னாங்க. மத்த நாலும் தைச்சுப் போட்டுக்கிட்டு வரணுமாம்”னா. அப்புறம் செருப்பைக் கழட்டி ஜோடி சேத்து வச்சா. அவ ஒரு நாளும் செருப்பைச் சேத்து வச்சதில்ல.

நூல் நுனியை உதட்டுல வச்சு ஈரம் பண்ணினா. நூலுக்குன்னு ஒரு ருசி இருக்கு, கொஞ்சம் கசப்பா, கொஞ்சம் டப்பாவோட துரு மாதிரி, அதோட அம்மாவோட பல்லிடுக்குல இருந்த வெத்தலை வாசனையும் சேந்து வர்ற மாதிரி இருக்கு. வராது, அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த நூல்கண்டு போன மாசம் கடையில வாங்கினது, ஆனா வருது, என்ன பண்றது. முதல்ல முதலுதவி பேட்ஜ். வெள்ளைத் துணியில செவப்புக் கட்டு. ஊசி உள்ள போயி வெளிய வர்றப்ப கோதைக்குச் சிரிப்பு வந்துருச்சு, சண்டைக்கு நடுவுல, கேப்டனை நிக்க வச்சுட்டு. இதே பேட்ஜுக்கு அவ ஒன்பது வயசுல பழகினது அம்மா தலையில. முக்கோணத் துணியை நெத்தியில கட்டு, காதை மூடாத, முடிச்சு பின்னந்தலையில வரக்கூடாது. கட்டி முடிச்சப்ப வாசல்ல கேஸ்காரர் பெல் அடிச்சாரு, அம்மா தலையில கட்டு இருக்கறதையே மறந்துட்டுக் கதவைத் தொறந்தா. அந்த மனுஷன் சிலிண்டரைப் பொத்துன்னு வச்சுட்டு, “ஐயோ, என்னக்கா ஆச்சு, அண்ணன் அடிச்சுட்டாரா?”ன்னாரு. “இல்லப்பா, எம்மவ என்னையக் காப்பாத்திட்டா”ன்னு அம்மா சொன்னா. அந்தாளு ஒரு வாரத்துக்கு அப்பாவைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாராம். அப்பா இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இப்ப ஹால்ல ஃபேனுக்குக் கீழ படுத்துக்கிட்டு, “கோதை, பிரிச்சுத்தான் குடுத்துரேன்டி. ஒரு துண்டுத் துணிக்குப் போயி”ங்கிறாரு. “துண்டுத் துணியா? உங்க ஒர்க்‌ஷாப் சட்டையில பேரு தைச்சிருந்துச்சே, அதைப் பிச்சுட்டு, இவன் ஃபிட்டரே இல்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?” “நான் எங்கடி விட்டேன், அன்னைக்கே கேப்டன்கிட்டப் போறேன்னுதான சொன்னேன், உங்கம்மாதான தடுத்தா.” அப்பா புரண்டு படுத்துக்கிட்டாரு. கோதைக்கு ஊசி ஒரு நிமிஷம் நின்னுச்சு. அன்னைக்கே. அந்த ‘அன்னைக்கே’ பக்கம் இப்பப் போக வேணாம்.

சைக்கிள் பேட்ஜை எடுத்தா. கவருக்குள்ள கை விட்டப்ப எது வருதோ அதுன்னு நினைச்சுக்கிட்டா, ஆனா விரல் தேடித்தான் எடுத்துச்சு. தாரு இதுக்காக ரெண்டு முட்டியையும் தேச்சிருக்கா. சட்டையைப் புதுசா எடுக்கலாம்னு அக்கா மெட்ராஸ்லருந்து போன்ல சொன்னா, அவ அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ், பகல் ராத்திரி மாறி மாறி டூட்டி, அதான் புள்ள இங்க இருக்கு. வேணாம், என்னோட பழைய சட்டையே இருக்குன்னு கோதைதான் ட்ரங்குப் பெட்டியைத் தொறந்தா. அம்மா தைச்ச சட்டை. பக்கவாட்டுல ரெண்டு விரக்கடை துணி உள்ள மடிச்சு விட்டிருப்பா, வளர வளரப் பிரிச்சுக்கலாம்னு. ரயில்வே காலனியில எல்லாச் சட்டையும் அப்படித்தான், நாளைக்கு வளரப் போற உடம்புக்கு இன்னைக்கே இடம் விட்டிருக்கும். அம்மா காலனிக்கே தைச்சுக் குடுத்தவ. பீச்சாங்கைத் தையல்காரம்மான்னா சந்தைப் பக்கம் வரைக்கும் தெரியும். கத்திரியையும் பீச்சாங்கையிலதான் பிடிப்பா, அதனால கையில ஓரம் மடிச்சு எம்மிங் அடிச்சா மத்தவங்க தையல் எந்தப் பக்கம் சாயுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் சாயும். கோதை எழுதறது சோத்துக் கையில. ஆனா தையல் மட்டும் அம்மா பக்கத்துல ஒட்டி உக்காந்து அவ கையைப் பாத்துக் கத்துக்கிட்டது, அதனால ஊசி பீச்சாங்கைக்குப் போயிருச்சு. தாருவும் அப்படியே. அவளுக்குக் கோதை சொல்லிக் குடுத்தா. சோத்துக் கையில பென்சில், பீச்சாங்கையில ஊசி. ஒரே சாய்வு, மூணு பேருக்கும். இதை ஒரு குழந்தைகூடப் புரிஞ்சுக்கும். சாய்வை வச்சு ஆளை எப்படிக் கேப்டன் முடிவு பண்ணுவீங்க? அது குடும்பத்துச் சாய்வு. அப்பன் மூக்கு புள்ளைக்கு இருந்தா, மூக்கு சிந்தினது அப்பன்தான்னு சொல்லுவீங்களா? இது நல்ல பாயிண்ட், இதை அப்படியே சொல்லணும், கூட்டத்துல சிரிப்பு வரும், சிரிப்பு வந்துட்டா பாதி கேஸ் ஜெயிச்ச மாதிரி.

சமையல் பேட்ஜ். சட்டி, சட்டிக்குக் கீழ மூணு நாக்குத் தீ. இதைத் தைக்க ஆரம்பிச்சா கேப்டன் மேல கோபமா இருக்க முடியாதே, அதுதான் சிக்கல். கோதை காலத்துல மலைக்குப் பின்னாடி, ஞாயித்துக்கிழமை, மூணு கல்லை வச்சு உப்புமா கிண்டணும். கோதையோட உப்புமா அடிப்பிடிச்சு, மேல கட்டி கட்டியா, நடுவுல மட்டும் பச்சைத்தண்ணி. மத்த புள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளுங்க. கேப்டன் ஒரு பாறை மேல உக்காந்து, வாழை இலையில அதை முழுசா, ஒரு கட்டி விடாம, மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்லாமத் தின்னாங்க. தின்னுட்டு இலையை மறுபடி நீட்டினாங்க, இன்னும் கொஞ்சம் வைன்னு. அந்த நீட்டின இலையைக் கோதையால மறக்க முடியுமா? கேப்டனோட விசில் சத்தம், நீளமா ஒண்ணு ஊதினா ஓடி வரணும், குட்டையா ரெண்டு ஊதினா நின்ன இடத்துல நிக்கணும். மழை வந்தா எல்லாரும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழ, முப்பது தலை, தேங்கா எண்ணெய் வாசனை, ஈரச் சாக்ஸ் வாசனை, யாரோ வச்சிருந்த நாரத்தங்கா ஊறுகா. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினா காக்கா மொத்தமும் புளியமரத்துலருந்து எந்திரிக்கும், கேப்டன் கையைக் கட்டிக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டே நிப்பாங்க. அம்மா செத்தன்னைக்கு அவங்க அந்த அணிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கழுத்துல ஸ்கார்ஃப் கட்டி, வாசல்ல நின்னு மூணு விரல்ல சல்யூட் வச்சாங்க. அறுபது வயசுப் பொம்பளை. அப்புறம் கோதை தலையில கையை வைக்க வந்தாங்க. கோதை தலையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. எல்லாரும் பாத்தாங்க. அவங்களும் பாத்தாங்க. கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம ஸ்கார்ஃபைச் சரி பண்ணிக்கிட்டாங்க. சரியாத்தான் பண்ணினேன், எனக்கு அவங்க பண்ணினதுக்கு அதுவே கம்மி, அப்படின்னு அன்னைக்கு ராவு பூரா மனசுக்குள்ள வாதாடினா. செத்த வீட்டுல, அம்மாவுக்காக அழுதாளா, கேப்டனுக்கு எதிரா வாதாடினாளான்னு கேட்டா அவளுக்கே நிச்சயமாச் சொல்லத் தெரியாது.

“சித்தி.” தாரு வாசப்படியில நிக்கிறா, தலையைப் பாதி பின்னி, மீதிப் பாதி விரிச்சு, ரிப்பனை வாயில கவ்விக்கிட்டு. “இன்னும் எத்தனை இருக்கு?” “தோட்டம் மட்டும்தான்டி. வா, பின்னி விடுறேன்.” “நானே பின்னிக்குவேன். சித்தி, உன்னோட தையல் பேட்ஜையும் கேப்டன் பிச்சுட்டாங்களாமே?” “யாரு சொன்னா?” “நேத்து எல்லாரும் பேசிக்கிட்டாளுங்க. பிளேடு வச்சு அறுத்தாங்களாமே.” “ஆமா.” “ஏன்?” “நான் தைக்கல, எங்கம்மா தைச்சுதுன்னு சொன்னாங்க.” தாரு ரிப்பனை வாயிலருந்து எடுத்தா. கண்ணை நேரா வச்சுக் கேட்டா. “நீதான தைச்ச?” “ஆமா. நான்தான்.” “அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு”ன்னா தாரு. மூஞ்சி அப்படியே விரிஞ்சுருச்சு, நேத்துலருந்து இறுக்கிப் பூட்டி வச்சிருந்த மூஞ்சி. குதிச்சுக்கிட்டே உள்ள ஓடிட்டா. கோதை தோட்டப் பேட்ஜை எடுத்தா, தலைகீழா வச்சா, செடி வேரை மேல காட்டிக்கிட்டு நின்னுச்சு. திருப்பினா. மறுபடி தலைகீழா வச்சிருந்தா. ஆமா நான்தான், ஆமா நான்தான், எவ்வளவு சுலபமா வருது வாயில, பன்னெண்டு வருஷமா வந்த பழக்கம்.

பன்னெண்டு வருஷம். அன்னைக்கும் மதியம்தான். சோறு தின்னுட்டு, இதே சட்டைக் கையில தையல் பேட்ஜை வச்சு, நாக்கை நீட்டி நீட்டித் தைச்சா. விரல்ல ரெண்டு தடவை குத்திக்கிட்டா. பேட்ஜ் ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் தூக்கி, வட்டம் கோழிமுட்டை மாதிரி ஆச்சு. அம்மா மெஷின்ல மிதிச்சுக்கிட்டே ஒரு கண்ணால பாத்தா, வாயைத் தொறக்கல. கோதை சட்டையை அப்படியே ஓரமாப் போட்டுட்டுத் தூங்கிட்டா. எந்திரிச்சப்ப சட்டை மடிச்சு, கட்டிலோட கால்மாட்டுல இருந்துச்சு. சட்டைக் கையை விரிச்சுப் பாத்தா. வட்டம் வட்டமா இருந்துச்சு. அம்மா மெஷின்லதான் இருந்தா, தலையைத் தூக்கல. இவளும் கேக்கல. அவளும் சொல்லல. கோதை அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா, தன்னோட கைதான் அப்படி அழகாத் தைச்சுதுன்னு நினைக்கறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல. மறுநாள் மைதானத்துல கேப்டன் உள்பக்கம் திருப்பினப்ப, நீதானான்னு கேட்டப்ப, “நான்தான் கேப்டன்”னு சொன்ன குரல்ல ஒரு நடுக்கம் கிடையாது. மைதானத்துல கட்டியிருந்த கயித்துக்கு அந்தப் பக்கம் மத்த அம்மாக்களோட சேந்து அம்மா நின்னுக்கிட்டிருந்தா. பிளேடு நூலை அறுக்கறப்ப சின்னச் சின்ன டிக் டிக் சத்தம். பத்தொன்பது சத்தம், கோதை எண்ணினா. வீட்டுக்கு வர்ற வழியில அம்மா பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தா. தன் பாட்டிலைக் குடிக்காமலே கையில வச்சுக்கிட்டு நடந்தா. வீட்டுல கோதை போட்ட கூப்பாடு இருக்கே, “பீச்சாங்கைன்னா எங்கம்மாதானா, எனக்கு பீச்சாங்கை கிடையாதா, சாய்வை வச்சு எப்படிச் சொல்லலாம்?”னு ஒன்பது வயசுல அத்தனை அழகான வாதம். அப்பா சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு, அம்மா, “வேணாங்க, விடுங்க”ன்னு நிலைப்படியில கையைக் குறுக்க வச்சா. அவ்வளவுதான் சொன்னா. உன் புள்ள பொய் சொல்லுதுன்னு சொல்லல. நான்தான் தைச்சேன்னு சொல்லல. அன்னைக்கு மட்டுமா, அதுக்கப்புறம் பத்து வருஷம் கோதை அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னா, பேச்சுப் போட்டியில சொல்லி முதல் பரிசு வாங்கினா, எதுக்கும்மா வக்கீலுக்குப் படிக்கறேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நாலாவதுல எனக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு சார்னு ஆரம்பிப்பா, அம்மா அந்தப் பக்கமா டீ டம்ளரை எடுத்துக்கிட்டுப் போவா. வாதம் இன்னைக்கும் நிக்கும். ஒரு ஓட்டை கிடையாது. வழக்குதான் பொய். கேப்டன் எதை வச்சுச் சொன்னாங்களோ அது தப்பு, சொன்னது சரி. இதை எந்த புக்குல தேடுறது?

தோட்டமும் ஏறிருச்சு, நேராத்தான். மணி மூணரை. சட்டைக் கையை விரிச்சு மடியில வச்சுப் பாத்தா. நாலு பேட்ஜ் கீழ, மேல தாருவோட தையல் பேட்ஜ், ஊசியும் நூலும் படம் போட்டது. பிரிக்கச் சொன்னது. புள்ள நல்லாத்தான் தைச்சிருக்கா, கோதையைவிட நூறு மடங்கு, குட்டிக் குட்டியா, ஒவ்வொண்ணும் எறும்பு மாதிரி வரிசையா. ஒரு இடத்துல மட்டும் ரெண்டு தையலுக்கு நடுவுல இடைவெளி அதிகமாப் போயி, ஓரம் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கிட்டிருக்கு. அவ்வளவுதான். யாரும் பாக்க மாட்டாங்க. கோதையோட விரல் அந்த ஓரத்தை அமுக்கிச்சு. விட்டா தூக்கிக்கிச்சு. மறுபடி அமுக்கிச்சு. ஊசியில இன்னும் ஒரு சாண் நூல் மிச்சம் இருக்கு, அதே நீலம்தான். ஒரே ஒரு தையல். ஓடறப்ப மாட்டிக்கிட்டா கிழிஞ்சுரும், புள்ளைக்குத்தான அசிங்கம், ஒண்ணே ஒண்ணு. ஊசி நுனி துணிக்குள்ள இறங்கிருச்சு, அந்தப் பக்கம் விரல்ல படவும் பட்டுருச்சு. அப்பத்தான் கோதை ஊசியை அப்படியே பிடிச்சு நிறுத்தினா. அம்மா, இப்படியா ஆரம்பிச்ச? நீயும் ஒண்ணே ஒண்ணுன்னுதான உக்காந்த? பக்கத்துல நான் வாயைத் தொறந்துக்கிட்டு, வாநீர் ஒழுகத் தூங்கிக்கிட்டிருந்திருப்பேன், நீ மெஷினை நிறுத்திட்டு வந்து, தூக்கின ஓரத்தை இப்படி அமுக்கி அமுக்கிப் பாத்திருப்ப, அப்புறம் ஒரு தையல், அது அழகா விழுந்தப்ப அடுத்தது கோணலாத் தெரிஞ்சிருக்கும், அதையும் பிரிச்சு, அதுக்கு அடுத்ததையும், கடைசியில என்னோடது ஒண்ணுகூட மிச்சம் இல்லாம. ஏமாத்தணும்னா செஞ்ச? ஊருக்கெல்லாம் ஓரம் மடிச்சுக் குடுத்த கை, சொந்தப் புள்ளையோட ஓரம் தூக்கிக்கிட்டிருந்தா சும்மா இருக்குமா? அப்புறம் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு அந்த டிக் டிக்கைக் கேட்டப்ப உனக்கு எங்க வலிச்சுச்சும்மா, நான் ஒரு தடவைகூடக் கேக்கலையே, எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லவே எனக்கு நேரம் பத்தலையே. கோதை ஊசியை இறங்குன வழியிலயே வெளிய இழுத்தா. கண்ணுல தண்ணி மறைச்சதால ரெண்டு தடவை தப்பா இழுத்தா. துணியில ஒரு பொட்டு ஓட்டை. அதை நகத்தால தேச்சு மூடினா. தூக்கின ஓரம் தூக்கினபடியே இருக்கட்டும். அது அவளோடது.

ஆனா பயம் போகல. பயம் எங்க இருக்குன்னு இப்பத் தெளிவாத் தெரியுது, அதான் இன்னும் மோசம். மைதானத்துல போயி எந்திரிச்சா, முதல் கேள்வி பழைய கேள்விதான் வரும். உன் கதை என்ன ஆச்சு கோதைன்னு. கேப்டன் கேக்கலேன்னாலும் அவங்க கண்ணு கேக்கும். அந்தக் கண்ணைப் பாத்து மறுபடி நான்தான்னு சொல்லிட்டு, அடுத்த மூச்சுல இவளும்தான்னு சொன்னா, பொய்யும் நெசமும் ஒரே குரல்ல வரும், யாரு எதை நம்புவா? கேப்டன் நேத்து தாருவைப் பாத்துத்தானா அதைச் சொன்னாங்க? அவங்க பாத்தது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடுக்கமே இல்லாமப் பொய் சொன்ன ஒருத்தியை. அந்தக் கடனை இந்தப் புள்ள கட்டிக்கிட்டிருக்கு. சொல்லாம விட்டா? பிரிச்சுக் குடுத்துட்டா? நாலு பேட்ஜோட போவா, கை தட்டுவாங்க, வீட்டுக்கு வருவா, செருப்பைச் சேத்து வைப்பா. சொன்னா, நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு விரிஞ்ச மூஞ்சி என்ன ஆகும்? அம்மா பேரு என்ன ஆகும்? புள்ளைக்குத் திருட்டுத்தனமாத் தைச்சுக் குடுத்தவன்னு நாலு பேரு சிரிச்சா? “சித்தி, நேரமாச்சு, சட்டை!” தாரு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. கோதை சட்டையை மாட்டி விட்டா. அஞ்சும் இருக்கறதைத் தாரு எண்ணிப் பாத்தா. கோதையோட இடுப்பை ஒரு தடவை கட்டிப் பிடிச்சுட்டு, சாக்ஸை இழுத்து விட்டுக்கிட்டா.

மைதானத்துல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க, வெள்ளையும் செவப்பும் கலந்து. அப்பா மூணாவது வரிசை. கேப்டன் மைக்குக்கு முன்னாடி, இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு பேரா வாசிக்க வாசிக்க ஒவ்வொரு புள்ளையா ஓடி வந்து சல்யூட் வச்சுட்டுப் போகுதுங்க. தாரகைன்னு வாசிச்சாங்க. தாரு போயி நின்னா. கேப்டன் கண்ணு சட்டைக் கைக்குப் போச்சு, மேல இருந்த பேட்ஜ்ல நின்னுச்சு, அங்கிருந்து நேரா சேர் வரிசைக்கு வந்து கோதையைப் பிடிச்சுச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க. கோதை எந்திரிச்சா. “உக்காருடி”ன்னு அப்பா முந்தானையை, இல்ல, துப்பட்டாவை இழுத்தாரு, அது தோள்லருந்து வழுக்கி அவர் கையோடயே போச்சு. மூக்கைப் பத்தின நல்ல பாயிண்ட் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க போச்சுன்னே தெரியல. காலு தானா நடந்துச்சு, கயித்தைத் தாண்டுச்சு, வாயும் தானா தொறந்துச்சு. “கேப்டன், என்னோடதை எங்கம்மாதான் தைச்சாங்க. நான் தூங்கிட்டிருந்தப்ப. நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. நான்தான்னு உங்ககிட்டச் சொன்னது பொய், எங்கப்பாகிட்டச் சொன்னது பொய், இவகிட்ட இன்னைக்கு மதியம் சொன்னதும் பொய். எங்கம்மா எனக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க, அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, சொல்றதுன்னா என்னையச் சொல்லுங்க.” சேர் ஒண்ணு கிரீச்சுன்னுச்சு. அப்பா கையில துப்பட்டாவோட எந்திரிச்சு நின்னுட்டாரு. தாரு திரும்பிப் பாத்தா, சல்யூட் வச்ச விரல் இன்னும் நெத்தியிலயே இருக்கு, அந்த மூஞ்சியைப் பாக்கற தைரியம் கோதைக்கு இல்ல, பாத்தா பேச்சு நின்னுரும். “இவ தைச்சதுல நான் ஒரு தையல் போடல. போடப் போனேன், ஊசியைக் குத்தினேன், எடுத்துட்டேன். இங்கயே தைச்சுக் காட்டச் சொல்லாதீங்க, அவ காட்ட வேண்டியதில்ல. நேத்து எல்லார் முன்னாடியும் நீங்கதான் சொன்னீங்க, அதனால நீங்கதான் சொல்லணும். எனக்கு எதிரா எவ்வளவு வேணா வச்சிருங்க, அதெல்லாம் அப்புறம் ஒத்துக்கறேன். இப்ப இந்தப் புள்ள, இந்த ஒரு பேட்ஜ். இது இவ கை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கிட்டத் தனியா வந்து சொல்லாதீங்க, வீட்டுக்கு வான்னும் கூப்பிடாதீங்க. மைக்கு ஆன்லதான் இருக்கு. எல்லாரும் இருக்காங்க. சொல்லுங்க கேப்டன்.”